ஜடேஜாவைக் கொடுத்து

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. வார விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவன், காலையில் டீ குடிக்க ஸ்டேஷன் பக்கம் போனேன். திருப்பாதிரிப்புலியூர் என்கிற முழுப்பெயர் எங்களுக்கு ரயில்வே பலகையில்தான் இருக்கிறது. வாயில் வருவது திருப்பாப்புலியூர். கடையில் ஏற்கெனவே சண்டை ஆரம்பமாகியிருந்தது. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை சென்னை வாங்கிய செய்தி அன்றைக்குத்தான் உறுதியானது.

"தோனிக்கு அப்புறம் கீப்பர் யாரு? சொல்லு பாப்போம்" என்றான் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன்.

"கீப்பர் வேணும்னா காசு குடுத்து வாங்கு. வூட்டுப் புள்ளயவா குடுப்ப?" இது நெய்வேலியில் வேலை பார்க்கும் அண்ணன். அவருக்கு 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்துகள் இன்னும் முடியவில்லை. பத்து ரன் தேவை, ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். அந்த வீடியோவை அவர் பேரனுக்குத் தாலாட்டு மாதிரி போட்டுக் காட்டுகிறார்.

"அண்ணே, அவருக்கு அடுத்த மாசம் முப்பத்தேழு. சஞ்சுக்கு முப்பத்தொண்ணு. கணக்குப் போட்டுப் பாருங்க."

கணக்கு எல்லோரும் போட்டோம். சஞ்சுவுக்குப் பதினெட்டு கோடி. பதினெட்டில் இருந்த ஜடேஜா ராஜஸ்தானில் பதினாலுக்கு இறங்குகிறார். மிச்சம் எவ்வளவு, அதில் மினி ஏலத்தில் யாரைப் பிடிக்கலாம், இடதுகை ஸ்பின்னுக்கு என்ன செய்வது. நானும் போனை எடுத்து நோட்ஸில் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். அதுவரை டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன் கேட்டார்: "அந்தாளக் கேட்டாங்களாடா?"

"கேக்கணும்ணா. வீரர் ஒத்துக்கிட்டாதான் டிரேட். ரூல் அது" என்றேன்.

"கேட்டா மட்டும்?"

அவர் அதோடு அடுத்த கிளாஸுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த 'கேட்டா மட்டும்' பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஜடேஜா கடந்து வந்த கதவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒரு வீரன் அணி மாறுவதற்கு ஐ.பி.எல்.லில் எத்தனை வழி உண்டோ அத்தனையிலும் அவர் நுழைந்து வந்திருக்கிறார். 2008-ல் ராஜஸ்தான். அந்த வருஷ இறுதிப்போட்டியில் கடைசிப் பந்தில் நம்மைத் தோற்கடித்த அணியில் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தார். 2011-ல் கொச்சி, அந்த அணியையே கிரிக்கெட் வாரியம் அதே வருஷம் கலைத்துவிட்டது. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கானும் உச்சவரம்பான இருபது லட்சம் டாலர் வரை ஏற்றி முட்டிக்கொண்டன. மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுத்து சென்னை அவரை எடுத்தது. 2015 டிசம்பரில் டிராஃப்ட் மூலம் ராஜ்கோட். 2018-ல் 'தக்கவைப்பு' என்ற பெயரில் மறுபடி சென்னை. இப்போது டிரேடில் ராஜஸ்தான்.

நடுவில் 2010 காலியாக இருக்கிறது. அந்த வருஷம் அவர் விளையாடவில்லை, தடை. ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், தானாகவே வேறு அணியிடம் பேரம் பேசினார் என்பது குற்றம். ஒரு முழு சீசன். பதினைந்து வருஷம் கழித்து அதே ராஜஸ்தான் அவரைக் கேட்கிறது, சென்னை கொடுக்கிறது. அணிகள் பேசினால் அதற்குப் பெயர் வியூகம். வீரன் தானே போய்ப் பேசினால் ஒழுங்கு நடவடிக்கை. மென்பொருள் வேலைக்கு வந்த புதிதில் இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போட்டவன் நான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் பிடித்திருக்கக் கூடாது. ஆனால் 2010-ல் நாங்கள் எல்லோரும் சொன்னது, "திமிரு புடிச்சவன், நல்லா வேணும்."

*

முதல் ஏலம் 2008 பிப்ரவரி 20, மும்பையில். நான் பிளஸ் டூ. பொதுத்தேர்வு பக்கத்தில். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சென்னை அணி எழுதிவைத்திருந்தேன், எல்லாப் பையன்களையும் போல. டெண்டுல்கர், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஐந்து பேரும் 'ஐகான்' என்று அவரவர் ஊர் அணிக்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டார்கள். சென்னைக்கு ஐகான் இல்லை. அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய அவமானம். பிறகுதான் தெரிந்தது, அதுதான் அதிர்ஷ்டமே. ஐகானுக்கு அந்த அணியின் விலையுயர்ந்த வீரரைவிடப் பதினைந்து சதவீதம் கூடுதலாகத் தரவேண்டும். ஆகவே ஐகான் உள்ள அணி எவ்வளவு ஏற்றிக் கேட்கிறதோ அவ்வளவு தன் ஐகானுக்கும் சேர்த்து அழவேண்டும். மொத்தக் கையிருப்பே ஐம்பது லட்சம் டாலர். சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. தோனியைப் பதினைந்து லட்சம் டாலருக்கு எடுத்தது. அன்றைய ஏலத்தில் அதுதான் உச்சம்.

சாயங்காலம் செய்தியில் 'தோனி ஏலம் போனார்' என்று ஓடியது. ஆயா கேட்டாள்: "ஏன்டா, அந்தப் புள்ள இன்னா கடன் கட்டலியா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கம் ஏலம் என்றால் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம். கூறு கட்டிய மீனைச் சுற்றி நின்று விலை ஏற்றுவார்கள். கோயில் நிலத்துப் புளியமரம் ஏலம் போகும். பேங்கில் வைத்த நகை மூழ்கினால் ஏலத்துக்கு வரும், பேப்பரில் பெயர் போடுவார்கள், தெருவே படிக்கும். மனுஷன் ஏலத்துக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதை அவளுக்கு நான் விளக்க முயன்றேன். தோற்றேன்.

அடுத்த மாதமே ஒரு டிராஃப்டும் நடந்தது. கோலாலம்பூரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்ற பையன்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். டெல்லி தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு, இன்னொரு டெல்லிப் பையனான வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். டெல்லி ரசிகன் இன்றுவரை குடித்தால் அழுவது இதற்குத்தான். ஆனால் டெல்லியிடம் அப்போது பேட்ஸ்மேன்கள் குவிந்திருந்தார்கள், பந்துவீச ஆள் தேவைப்பட்டது. அன்றைய தேதியில் உட்கார்ந்து யோசித்தால் நானும் சங்வானைத்தான் எடுத்திருப்பேன். பின்னால் வந்து பார்ப்பவனுக்கு எல்லா டிராஃப்டும் முட்டாள்தனமாகத்தான் தெரியும்.

டிராஃப்ட் என்ற சொல்லே எங்களுக்கு வேறு அர்த்தத்தில்தான் அறிமுகம். டி.டி. எடுக்க வேண்டும், இந்தியன் பேங்க் வரிசையில் நிற்க வேண்டும். அந்த டி.டி.யோடு அதே கோடையில் அப்பாவும் நானும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் போனோம். இப்போது நினைத்தால் நான் நேரில் பார்த்த முதல் டிராஃப்ட் அதுதான். ரேங்க் வரிசையில் கூப்பிடுவார்கள். திரையில் கல்லூரி கல்லூரியாக மிச்சமுள்ள இடங்கள் குறைந்துகொண்டே போகும். உங்கள் முறை வருவதற்குள் நீங்கள் நினைத்து வைத்தது சிவப்பாகிவிடும். ஒரே வித்தியாசம், அங்கே தேர்ந்தெடுத்தது ஆட்டக்காரன். அணிகள் பேசாமல் திரையில் கிடந்தன. நாலு வருஷம் கழித்து அதே கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ வந்தபோது அது அப்படியே திரும்பிக்கொண்டது.

விளையாட்டில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல், பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர். அவர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல கல்லூரி வீரன் எவனும் அவரிடம் வரமாட்டான், காசும் பெயரும் உள்ள அணிக்கே போவான். அதனால் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்று விதி கேட்டார், கிடைத்தது. 1936 பிப்ரவரி 8, பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் ஒன்பது அணிகள் கூடின. முதல் தேர்வு ஈகிள்ஸுக்கு. எடுத்த பெயர் ஜே பெர்வாங்கர், அந்தக் காலத்தின் பெரிய கல்லூரி நட்சத்திரம். ஈகிள்ஸ் அவரது உரிமையை சிகாகோவுக்கு மாற்றிக் கொடுத்தது. அவர் கேட்ட சம்பளத்துக்கு சிகாகோ ஒத்துவரவில்லை. பெர்வாங்கர் அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். உலகின் முதல் டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்டவர் 'வேணாம்' என்று சொன்ன ஆள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. டீக்கடை அண்ணனிடம் சொல்லவேண்டும்.

நம் ஊர்க் கால்பந்திலும் இது வந்தது. 2017 ஜூலையில் ஐ.எஸ்.எல். டிராஃப்டில் ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. சென்னையின் எஃப்.சி.க்கு யார் என்று எங்கள் கடையில் பேசியது மொத்தம் ரெண்டு பேர், அதில் ஒருவன் நான்.

*

எங்கள் கடையே உட்கார்ந்து பார்த்த டிராஃப்ட் 2015 டிசம்பர் 15-ல் நடந்தது.

பின்கதை தெரிந்ததுதான். 2013 சூதாட்ட விவகாரம், நீதிபதி லோதா குழு, 2015 ஜூலை 14-ல் தீர்ப்பு: சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருஷத் தடை. அந்த இடைவெளியை நிரப்ப டிசம்பர் 8-ல் புனேவும் ராஜ்கோட்டும் வந்தன. அவை வந்த விதமும் விசித்திரம். வாரியத்தின் பொதுநிதியிலிருந்து யார் குறைவாக வாங்கிக்கொள்கிறார்களோ அவர்களுக்கு அணி. தொகை இறங்கி இறங்கி பூஜ்யத்துக்கும் கீழே போனது. புனே மைனஸ் பதினாறு கோடி, ராஜ்கோட் மைனஸ் பத்து கோடி. அதாவது வாங்குவதற்குப் பதில் அவர்களே வாரியத்துக்குக் கொடுத்தார்கள். அதிகம் கொடுக்க முன்வந்த புனேவுக்கு முதல் தேர்வு. பெர்ட் பெல் தோற்றவனுக்கு என்று வைத்த முதல் நாற்காலியில், எண்பது வருஷம் கழித்து, கூடுதலாகக் காசு வைத்தவர் உட்கார்ந்தார்.

டிராஃப்டுக்கு முந்தைய ஒரு மாதம் கடலூரில் நடந்தது வேறு. நவம்பர் 9-லிருந்து பிடித்த மழை. பண்ருட்டிப் பக்கம் காட்டாறு போல வந்த வெள்ளத்தில் குடும்பத்தோடு செத்தவர்கள் உண்டு. டிசம்பர் முதல் வாரம் சென்னை மூழ்கியபோதுதான் மற்ற ஊர்க்காரர்களுக்கு மழை தெரிந்தது. எங்களுக்கு அது மூன்றாவதோ நாலாவதோ தடவை. கெடிலம் ஓரத்துக் குடிசைகளில் பாய், துணி, ரேஷன் கார்டு எதுவும் மிஞ்சவில்லை. சென்னையில் ஆபீஸ் மூடியிருந்தது. கிடைத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். கல்லூரி நண்பர்கள் காசு திரட்டி ஒரு லாரியில் பாய், போர்வை, பாத்திரம் அனுப்பினார்கள். மொத்தம் முந்நூறு குடும்பத்துக்கு வரும். கேட்பவர்கள் அதற்கு மேல். எனக்கு எக்செல் தெரியும் என்பதால் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்டோம். கைக்குழந்தை உள்ள வீடு முதலில், கூரை போனது அடுத்து, தனியாக இருக்கும் வயசானவர்கள். மதிப்பெண்ணே வைத்தேன். "அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே ஒரு லாரி வந்துட்டு" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு தெருவை எடுத்துவிட்டேன். கொடுக்கும்போது ஒரு அம்மா வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "எங்க தெரு பேரு இல்லியா தம்பி? நல்லாப் பாரு" என்றார். லேப்டாப் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. வந்துவிட்டதாகச் சொன்ன லாரி வரவே இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. என் வீட்டுப் போர்வை ரெண்டை எடுத்துக்கொண்டு போனேன். அது ஒரு தெருவுக்கு எப்படிப் பத்தும்?

அதற்கு நாலு நாள் கழித்து டிராஃப்ட். டீக்கடையில் சேறு கழுவி டி.வி.யை மறுபடி மாட்டியிருந்தார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பு உயரத்துக்கு இருந்தது. இரண்டு தடைபட்ட அணிகளிலிருந்து ஐம்பது பேர் பட்டியலில். ஆளுக்கு ஐந்து. முதலில் எடுப்பவருக்குப் பன்னிரண்டரைக் கோடி, பிறகு ஒன்பதரை, ஏழரை, ஐந்தரை, நாலு என்று விலையும் முன்பே ஒட்டியிருந்தது. புனே: தோனி. ராஜ்கோட்: ரெய்னா. புனே ரஹானே, அஷ்வின், ஸ்மித், டு பிளெசிஸ் என்று போனது. ராஜ்கோட் ஜடேஜா, மெக்கல்லம், ஃபாக்னர், பிராவோ. பத்துப் பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எட்டு வருஷமாக 'நம்ம டீம்' என்று சொல்லிவந்ததைக் கூறு போட்டு இரண்டு பக்கம் வைத்துவிட்டார்கள்.

அப்போதும் கடையில் விவாதம் நடந்ததுதான் ஆச்சரியம். ராஜ்கோட் புத்திசாலி, ஆல்ரவுண்டர்களாக எடுத்திருக்கிறார்கள். புனே பேருக்கு எடுத்திருக்கிறார்கள். (நடந்ததும் அதுவே. 2016 லீக் சுற்றில் ராஜ்கோட்டின் குஜராத் லயன்ஸ் முதலிடம், தோனியின் புனே கடைசிக்கு முந்தைய இடம்.) நானும் பேசினேன். ஆனால் அன்றைக்கு முதன்முறையாக என் வாயில் 'எடுக்கலாம்', 'விடலாம்' என்ற சொற்கள் உறுத்தின. இடுப்பு உயரக் கோட்டின் கீழே உட்கார்ந்துகொண்டு, மைனஸ் பதினாறு கோடிக்காரனின் நாற்காலியிலிருந்து நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். பட்டியலில் மிச்சமிருந்த நாற்பது பேரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்கள் பிப்ரவரி ஏலத்துக்குப் போனார்கள்.

2018-ல் அணி திரும்பி வந்தது. தோனி, ரெய்னா, ஜடேஜாவைத் தக்கவைத்தார்கள். மூன்று இந்திய வீரர்களோடு வரம்பு முடிந்ததால் அஷ்வினுக்கு ஆர்.டி.எம். அட்டையைக் காட்ட வழியில்லை. பஞ்சாப் ஏழு கோடி அறுபது லட்சத்துக்கு எடுத்துப் போனது. மாம்பலத்துப் பையனை விட்டுட்டு என்னடா சென்னை என்று எங்கள் ஊரில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஏப்ரலில் விசில் அடித்தோம், மே மாதம் கோப்பை வந்தது, மறந்தோம். 2022 ஏலத்தில் ரெய்னாவின் பெயர் வந்தபோது பத்து அணியில் ஒரு கை எழவில்லை, நம்முடையது உட்பட. அடிப்படை விலை இரண்டு கோடி. அந்த மௌனத்தை இப்போதும் யூடியூபில் பார்க்கலாம்.

*

டிரேட் செய்தி வந்த சனிக்கிழமை மாலை செல்போன் கடை நண்பனும் நானும் தேவனாம்பட்டினம் போனோம். வெள்ளிக் கடற்கரைக்குப் போகும் வழியில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. ஏழாவதிலிருந்து எங்களுக்கு டியூஷன் மட்டம் போடும் இடம். அங்கே நின்றுதான் அவனிடம் சொன்னேன், டிரேட் ஒன்றும் இந்த ஊருக்குப் புதுசில்லை என்று.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையின் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு நிபந்தனை: பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை. செப்டம்பரில் கோட்டையிலிருந்து நாலாபுறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் கம்பெனிக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தலைக்கு மேல் போன குண்டு எந்த வரப்பில் இறங்குகிறது என்பதைப் பொறுத்து எஜமான் மாறினார். பீரங்கிக்காரன் கொஞ்சம் மருந்து கூட்டிப் போட்டிருப்பான் என்பது என் சந்தேகம்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கம்பெனியின் தலைமையிடம் இங்கே, செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தது. மாறுவேஷத்தில் தப்பி வந்தவர்களில் இருபத்தோரு வயது குமாஸ்தா ராபர்ட் கிளைவும் ஒருவர். 1752 வரை கடலூர்தான் தலைநகர். பக்கத்துப் பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இதையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் சென்னையின் விதி முடிவானது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் எய்-லா-ஷபேல் என்ற ஊரில் உடன்படிக்கை. சென்னை இங்கிலாந்துக்கு, பதிலுக்கு வட அமெரிக்காவில் உள்ள லூயிஸ்பர்க் கோட்டை பிரான்சுக்கு.

"ஸ்ட்ரெயிட் ஸ்வாப்பா?" என்றான் நண்பன்.

அதேதான். லூயிஸ்பர்க்கை 1745-ல் பிடித்தது லண்டன் சிப்பாய்கள் மட்டுமல்ல. நியூ இங்கிலாந்தின் விவசாயிகளும் மீனவர்களும் திரண்டு போய் முற்றுகையிட்டுப் பிடித்தது அது. பிடித்தபின் குளிரிலும் நோயிலும் நூற்றுக்கணக்கில் அங்கேயே செத்தார்கள். அதைத் தூக்கி, பார்த்தே இராத ஏதோ மெட்ராஸுக்காகக் கொடுத்துவிட்டார்கள் என்றதும் பாஸ்டன் பக்கம் கொதித்தது. அவர்கள் 'நம்ம கோட்டை' என்று சொல்லியிருப்பார்கள். கையெழுத்துப் போட்டவர்களின் மேஜையில் அது ஒரு வரி. இந்தப் பக்கம் சென்னையின் நெசவாளிகளும் படகோட்டிகளும் 1749-ல் மறுபடி வேறு கொடிக்குக் கீழே போனார்கள். லூயிஸ்பர்க் என்று ஒரு ஊர் இருப்பது அவர்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஜடேஜாவுக்காவது பதினாலு கோடியும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருந்தது. இந்த ஒப்பீட்டை நான் ரொம்ப தூரம் இழுக்க விரும்பவில்லை. பெர்வாங்கருக்குக்கூட வேறு வேலை கிடைத்தது.

நண்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். "யார் ஜெயிச்சாங்க அந்த டிரேட்ல?" என்றான். அவன் கேட்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். அவனுக்கு நியாயமான பதில் வேண்டுமே என்று சொன்னேன்: சென்னை இங்கிலாந்திடம் நின்றுவிட்டது; லூயிஸ்பர்க்கை 1758-ல் இங்கிலாந்து மறுபடி பிடித்தது. அதே 1758-ல் நாங்கள் நின்றுகொண்டிருந்த கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப்போட்டார்.

"அப்ப நம்ம சைடு லாஸ்" என்றான்.

டிசம்பர் 16-ல் அபுதாபியில் மினி ஏலம். நான் மறுபடி ஊரில். மிச்சம் பிடித்த பணத்தில் சென்னை, இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு பையன்களை எடுத்தது. ஆளுக்குப் பதினாலு கோடியே இருபது லட்சம். ஜடேஜாவின் புது விலையைவிட இருபது லட்சம் கூட. இருபது வயசுப் பையனுக்கு இவ்வளவா என்று ஒரு கட்சி, இதுதான்டா ஃபியூச்சர் என்று ஒரு கட்சி. நெய்வேலி அண்ணன் மட்டும் பிரசாந்த் வீர் இடதுகை ஸ்பின் போடுவானாமே என்று மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார். கடைக்கார அண்ணன் சுவரில் ஜடேஜா படம் அப்படியே இருந்தது. பக்கத்தில் சஞ்சுவுக்கு இடம் விட்டிருந்தார், ஆணி அடித்துப் படம் மாட்டவில்லை.

"ரெண்டு பேருக்கும் இவ்ளோ போச்சுன்னா அடுத்த வருஷம் யாரையாச்சும் கழட்டணுமே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். நண்பன் பில் பேப்பரைத் திருப்பி வைத்துப் பேனா கேட்டான். என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அவன் எழுத எழுத எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மூன்றாவது பெயரில் தயங்கினான்.

நான் ஒரு பேர் சொன்னேன். நெய்வேலி அண்ணன் தலையாட்டினார்.